நெடுவழிக்குப் புறப்படும் பழைய லாரி

களப்பணிக்குப் புறப்படும் குழுவினர் தம் கருவிகளைப் பற்றிக் கொள்ளும் கவலையில் பத்தில் ஒரு பங்கைக்கூட, அக்கருவிகளைச் சுமந்து செல்லும் லாரியைப் பற்றிக் கொள்வதில்லை. நுண்ணளவைக் கருவிகள் ரப்பர் நுரையிட்ட பெட்டிகளில் பத்திரப்படுத்தப் பெறுகின்றன. அவற்றின் பட்டியலில் இருவர் கையொப்பமிடுகின்றனர். லாரி எப்படி என்று வினவினால், “பத்து ஆண்டுகளாக ஒரு நாளும் வழியில் நின்றதில்லை” என்னும் விடை கிடைக்கும். அவ்விடை உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளில் அது ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் ஓடியது என்று எவரும் வினவுவதில்லை. கிடங்கிலிருந்து ரயில் நிலையம், ரயில் நிலையத்திலிருந்து கிடங்கு, எப்போதேனும் பக்கத்துக் கிராமத்தில் ஒரு முகாம் என்று முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் அதன் வாழ்நாள் கழிந்திருக்கலாம்.

இத்தகைய லாரி முதன்முதலாக ஒரு நெடுவழியில் செல்ல நேரும்போது அதை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, நாட்டுப் பாதுகாப்பு முதலியவற்றுக்கான சில விசேஷ வண்டிகள் நீங்கலாக, 15 ஆண்டுகள் கடந்த அரசு வண்டிகளின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. ஆதலின் நம் அலுவலகங்களில் பழைய லாரி என்பது பத்து ஆண்டு கடந்து, பதினைந்தை எட்டாத ஒன்று என்று கொள்ளலாம். உதாரணத்திற்கு எடுத்துக் கொள்ளும் வழி, சண்டிகரிலிருந்து மணாலி வழியாக லடாக்கின் தலைநகரான லே வரை செல்லும் பாதையாகும். மொத்தம் 700 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. சண்டிகர் கடல் மட்டத்திற்கு மேல் 350 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளது. லே ஏறக்குறைய 3,500 மீட்டர். இடையில் தங்லங் லா என்னும் கணவாய் 5,300 மீட்டரையும் கடந்து நிற்கிறது. லாரியின் எந்த உறுப்பு எதனால் கெடும் என்பதை இவ்வழி தெளிவாகக் காட்டும். வேறு வழிகளில் செல்வோர் உயரத்தைக் குறைத்துக் கொண்டு இதையே படிக்கலாம்.

ஆங்கிலப் பதங்களைத் தமிழாக்குவதே என் தொழிலாயினும், ஓட்டுநரும் மிஸ்திரியும் வழங்கும் சொற்களையே இங்கே வைத்திருக்கிறேன். நடு இரவில் மலைமேல் ஹோஸ் வெடித்து நிற்பவர் கலைச்சொல் அகராதியைத் தேடமாட்டார்.

நீண்ட தூரம் என்பது பல குறுந்தூரங்களின் கூட்டுத்தொகை அன்று

நாள்தோறும் 40 கிலோமீட்டர் ஓடும் லாரி 18 நாளில் 720 கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. அதே தூரத்தை நான்கு நாளில் ஓடுவதற்கு அதற்குப் புதிதாக என்ன பலம் வேண்டும் என்று கேட்பது இயல்பே. விடை உஷ்ணத்தில் இருக்கிறது. எஞ்சினிலுள்ள நீர் கால் மணி நேரத்தில் தன் வேலைச் சூட்டை எட்டிவிடும். ஆனால் கியர் பெட்டியின் எண்ணெய், பின் அச்சின் எண்ணெய், சக்கரக் குடத்தின் பேரிங், டயரின் உட்பகுதி ஆகியவை முழுச் சூட்டை அடைவதற்கு மேலும் நெடுநேரம் பிடிக்கும். குறுந்தூரம் ஓடும் வண்டியில் இவை சூடேறி முடிவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. வண்டி நின்று ஆறிவிடுகிறது. பத்து ஆண்டுகளில் ஒரு முறையும் தன் முழுச் சூட்டைக் காணாத உறுப்பு, நெடுவழியில் அதை முதன்முதலாகக் காண்கிறது.

இரண்டாவது காரணம் காலம். ரப்பரும் பிரேக் திரவமும் ஓடிய தூரத்தால் மூப்படைவதைவிட, கழிந்த ஆண்டுகளால் அதிகம் மூப்படைகின்றன. கிலோமீட்டர் கணக்கைப் பார்த்து, “அதிகம் ஓடாத வண்டி, நல்ல வண்டி” என்று மகிழ்வோர் இதை மறந்துவிடுகின்றனர். என் அபிப்பிராயத்தில், நெடுவழியில் லாரியை நிறுத்துவது பெரும்பாலும் எஞ்சின் அன்று. எஞ்சின் சத்தமிடும், ஆதலால் எல்லோருடைய கவனத்தையும் பெற்றுவிடும். சத்தமிடாமல் கெட்டுப்போகும் பழைய ரப்பரும் பழைய திரவமுமே நம்மை நடுவழியில் விடுவன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு களக்குழுவுடன் இவ்வழியே செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கையேடு ஒன்றைத் தமிழில் எழுதுவதற்காக என்னையும் சேர்த்துக் கொண்டனர். லாரிக்கு அப்போது பதினோரு வயது. பழுதுபார்ப்புச் செலவிற்கான அனுமதி கடைசி வாரத்தில்தான் வந்தமையால், புறப்படுவதற்கு முந்திய மாலை வரை அது ஒரு பணிமனையில் இருந்தது. புதிய ஃபேன் பெல்ட் போடப்பட்டிருந்தது, எண்ணெய் மாற்றப்பட்டிருந்தது. பிரேக் திரவம் “பார்த்தாயிற்று” என்று சீட்டில் எழுதியிருந்தது. மறுநாள் மண்டிக்கு அப்பால், பியாஸ் ஆற்றங்கரையில், பெல்ட் கிறீச்சிட்டது. சற்று நேரத்தில் சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது. புதிய பெல்ட் முதல் சில மணி நேரத்தில் சிறிது நீளும். அப்போது அதை மீண்டும் இழுத்துக் கட்டவேண்டும். முதல் நாளே அது ஓடியிருந்தால் அத்தளர்ச்சி சண்டிகரிலேயே தெரிந்திருக்கும். தளர்ந்த பெல்ட் வழுக்கி, சூடேறி, ஓரம் கிழிந்துவிட்டது. பெட்டியில் வேறொரு பெல்ட் இருந்தது. ஆனால் அதை யாரும் மாட்டிப் பார்த்ததில்லை, அளவு தவறு. கழற்றிய பழைய பெல்ட்டோ பணிமனைக் குப்பையில் கிடந்தது. கிளீனர் பஸ் ஏறி மண்டிக்குச் சென்று திரும்பும் வரை அரை நாள் வீணாயிற்று. ஓட்டுநர் என்னிடம், “பாபுஜி, மிஸ்திரி கை வைத்த வண்டியை ஒரு நாள் ஓட்டிப் பார்க்காமல் நம்பக்கூடாது” என்று இந்தியில் சொன்னார். அடுத்த சம்பவம் இவ்வளவு லேசானதன்று.

பிரேக்

தங்லங் லாவிலிருந்து ரும்ட்ஸே என்னும் சிற்றூரை நோக்கி இறங்கும்போது பாதை ஏறக்குறைய 1,000 மீட்டர் தாழ்கிறது. எங்கள் லாரி சுமையுடன் ஐந்து டன் இருக்கும். பள்ளி ஆசிரியர்கள் இதைக் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டலாம். 5,000 கிலோகிராம், 9.8, 1,000 மீட்டர் ஆகியவற்றைப் பெருக்கினால் 4 கோடியே 90 லட்சம் ஜூல் வருகிறது. 30 டிகிரிச் சூட்டிலுள்ள நீரில் 165 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வாற்றல் போதும். மேலே ஏறுவதற்கு டீஸல் கொடுத்த ஆற்றல் இது. இறங்கும்போது எங்கேனும் வெளியேறியாக வேண்டும். ஒரு பங்கை டயரின் உருளலும் காற்றின் எதிர்ப்பும் ஏற்கும். எஞ்சினை இறக்க கியரில் வைத்தால் அது பெரும்பங்கை ஏற்றுக்கொண்டு, ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியே விடும். எஞ்சினுக்கு அவ்வேலையைக் கொடாவிடில், எஞ்சியது முழுவதும் பிரேக் டிரம்மில் சூடாகத் தேங்கும்.

அன்று ஓட்டுநர் களைத்திருந்தார். மூன்றாவது கியரில் காலால் அழுத்தி அழுத்தி இறங்கினார். பாதி வழியில் பெடல் மென்மையாயிற்று. அடுத்த வளைவில் தரை வரை சென்றது. அவர் அனுபவசாலி. பெடலை விரைவாகப் பலமுறை மிதித்து, கியரை இரண்டிற்கும் ஒன்றிற்கும் தள்ளி, கைப்பிரேக்கையும் இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் சக்கரத்தை உரசவிட்டு நிறுத்தினார். மறுபக்கம் பள்ளம். பின்னால் அமர்ந்திருந்த நால்வருக்கும் நடந்தது என்னவென்று உடனே புரியவில்லை. கிளீனர் குதித்து, சக்கரங்களுக்கு அடைக்கட்டை வைத்த பிறகே நாங்கள் இறங்கினோம்.

விந்தை என்னவெனில், ஒரு மணி நேரம் கழித்து அதே பெடல் கல் போல் உறுதியாக இருந்தது. எங்கும் கசிவு இல்லை. லேயில் பணிமனைக்குக் கொண்டு சென்றபோது, “பிரேக்கில் குறை ஒன்றும் இல்லை” என்றே முதலில் கூறினார்கள். குறை திரவத்தில் இருந்தது. ஹைட்ராலிக் பிரேக்கில் பயன்படும் திரவம் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாகத் தன்னுள் இழுத்துக் கொள்ளும் இயல்புடையது. ‘டாட் 3’ என்னும் தரத்துத் திரவம், டப்பாவைத் திறந்த புதிதில், 205 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாமல் சூடேறினால்தான் கொதிக்கும். நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்துவிட்டால் கொதிநிலை 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். டிரம்மின் சூடு வீல் சிலிண்டரை எட்டும்போது அங்குள்ள திரவம் கொதித்து ஆவிக் குமிழ்களாகிறது. திரவத்தை அமுக்க இயலாது, ஆவியை அமுக்கலாம். ஆகவே கால் கொடுக்கும் அழுத்தம் குமிழைச் சுருக்குவதிலேயே செலவாகிறது, சக்கரத்தைச் சேர்வதில்லை. ஆறியவுடன் ஆவி மீண்டும் திரவமாகிவிடுவதால், குற்றத்தின் சுவடே இராது. மலைமேல் காற்றழுத்தம் குறைவாதலின் கொதிநிலை இன்னும் சற்று இறங்கும்.

பதினோரு ஆண்டுகளில் அந்தத் திரவம் ஒரு முறையேனும் முழுதும் வடித்து மாற்றப்பட்டதற்கு லாக் புத்தகத்தில் குறிப்பில்லை. குறைந்தபோதெல்லாம் மேலே ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். “பார்த்தாயிற்று” என்பதன் பொருள் அளவு பார்த்தாயிற்று என்பதே. ஆதலின் நெடுவழிக்கு முன் பிரேக் திரவத்தை முழுவதும் வடித்து, நான்கு சக்கரங்களிலும் காற்று நீங்கும் வரை புதியதை ஓட்டி நிரப்புவது முதற்கடமை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான வழக்கம். அதற்கு முத்திரை உடையாத டப்பாவையே வாங்கவேண்டும். சென்ற ஆண்டு திறந்து மூடி வைத்த டப்பா, வண்டிக்குள் இருந்த திரவத்தைப் போலவே ஈரம் குடித்திருக்கும். அவ்வமயமே டிரம்களைக் கழற்றி லைனிங்கின் கனம், வீல் சிலிண்டரின் ரப்பர் உறை, சட்டத்திலிருந்து சக்கரத்திற்குச் செல்லும் ரப்பர் ஹோஸ் ஆகியவற்றைப் பார்த்துவிடலாம். ஹோஸை மடித்துப் பார்க்கும்போது நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் அதைப் பற்றி விவாதம் வேண்டியதில்லை, மாற்றவேண்டியதே.

இதற்கு நேர்மாறான மற்றொரு தோற்றமும் உண்டு. இவ்வகை லாரிகளில் பெடலுக்குத் துணையாக ஒரு வெற்றிட பூஸ்டர் அமைந்திருக்கும். ஒரு பக்கம் வெற்றிடம், மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டின் அழுத்த வேறுபாடே துணை செய்கிறது. தங்லங் லாவில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். ஆகவே துணையும் பாதியாகிறது. பெடல் கடினமாகத் தோன்றும். இது பழுதன்று, இன்னும் வலிந்து மிதிக்கவேண்டும், அவ்வளவே. பெடல் கடினமாவது உயரத்தால், மென்மையாவது சூட்டால். இவ்வேற்றுமையை ஓட்டுநர்கள் அறிந்திருத்தல் நலம். சில டீஸல் வண்டிகளில் அந்த வெற்றிடத்தை உண்டாக்கும் பம்பு ஆல்டர்னேட்டருடன் இணைந்து, ஃபேன் பெல்ட்டினாலேயே சுழல்கிறது. அங்கே பெல்ட் அறுந்தால் எஞ்சின் குளிர்வதும் பாட்டரி நிறைவதும் மட்டுமின்றி, பிரேக்கின் துணையும் போய்விடும். எங்கள் வண்டி அவ்வகையதே. பியாஸ் கரையில் அறுந்தது எத்தகைய பெல்ட் என்பதை நான் பின்னரே அறிந்தேன்.

இறங்கும்போது, அதே சரிவில் ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய விதி. அதைவிட நல்ல விதி இன்னும் ஏற்படவில்லை. டீஸலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் இறங்குவோர் இருவகையில் தவறு செய்கின்றனர். கியரில் இறங்கும் டீஸல் எஞ்சினுக்கு, பெடலிலிருந்து காலை எடுத்தவுடன் எரிபொருள் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நியூட்ரலில் ஓடும் எஞ்சினோ தன்னைச் சுழற்றிக் கொள்வதற்குக் குடித்துக் கொண்டே இருக்கும். காற்றுப் பிரேக் உள்ள பெரிய லாரிகளில் திரவக் கவலை இல்லை. அங்கே தொட்டிகளில் தேங்கும் நீரை நாள்தோறும் காலையில் திறந்துவிட வேண்டும்.

நீரும் ரேடியேட்டர் மூடியும்

எஞ்சின் நீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது கடல் மட்டத்துக் கணக்கு. உயரம் ஏற ஏற, ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். லேயில் திறந்த பாத்திரத்து நீர் 88 டிகிரி அளவிலும், தங்லங் லாவில் 83 டிகிரி அளவிலும் கொதித்துவிடும். எஞ்சினோ 80 முதல் 95 டிகிரி வரையில் வேலை செய்வதற்கென அமைக்கப்பட்டது. அப்படியாயின் அவ்வுயரத்தில் எந்த லாரியும் ஓட இயலாதன்றோ? ரேடியேட்டர் மூடியே அதை இயலச் செய்கிறது. அதிலுள்ள ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் உள்ளழுத்தத்தை வெளியழுத்தத்தைவிட உயர்த்தி வைக்கின்றன. சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ தாங்கும் மூடி நல்ல நிலையில் இருந்தால், தங்லங் லாவிலும் நீர் ஏறக்குறைய 110 டிகிரி வரை கொதியாது நிற்கும். அவ்வளையம் காய்ந்து வெடித்திருந்தால் 83 டிகிரிதான். சமவெளியில் அது கெட்டிருப்பதை எவரும் உணரமாட்டார். மூடியின் விலையோ ஒரு வேளைச் சாப்பாட்டு விலையளவு. இதைவிட மலிவாக இவ்வளவு பாதுகாப்பை விலைக்கு வாங்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதே காரணத்தால்தான் சூடான ரேடியேட்டரைத் திறக்கலாகாது. 110 டிகிரியில் அழுத்தத்தின் கீழ் இருக்கும் நீர், மூடி திறந்த கணமே கொதிக்கும். கடல் மட்டத்திலேயே ஒரு லிட்டரில் நூற்றுக்கு இரண்டு பங்கு ஆவியானால் 30 லிட்டர் நீராவி உண்டாகும். அது மிச்ச நீரையும் தூக்கிக்கொண்டு முகத்தில் அறையும்.

ரேடியேட்டரின் வெளிப்புறத்தில் வைக்கோல் துணுக்கும் பூச்சியும் அடைந்திருப்பதை, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி நீர் பீய்ச்சிக் கழுவலாம். உட்புறக் காறைதான் கடினம். பத்து ஆண்டுகளாகக் குழாய்க்கிணற்று நீர் ஊற்றி வந்த வண்டியில் சுண்ணாம்புக் காறை படிந்திருக்கும். அது உஷ்ணத்தைக் கடத்தும் திறனில் இரும்பிற்கு மிகவும் பிற்பட்டது. ஒரு மில்லிமீட்டர்க் காறை, சில சென்டிமீட்டர் கனமுள்ள இரும்புச் சுவரைப் போலத் தடுக்கும். காறையைக் கரைத்துக் கழுவி, வாலை வடித்த நீரும் கிளைக்காலும் சரிபாதி கலந்த கூலண்டை ஊற்றவேண்டும். இக்கலவை பூஜ்யத்திற்குக் கீழே 35 டிகிரி வரை உறையாது. காறை கரைத்த பிறகு முன்பு அது அடைத்திருந்த துவாரங்கள் கசியத் தொடங்குவதும் உண்டு. இதனாலும் இவ்வேலையைப் புறப்படும் நாளுக்கு முன்தினம் செய்யலாகாது.

வண்டி சூடேறுகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் பல பணிமனைகளில் உண்டு. அது நோயை விட்டுவிட்டு வெப்பமானியை உடைப்பது போன்றது. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் லடாக்கின் குளிரில் வேலைச் சூட்டை எட்டாமலே ஓடித் தேயும்.

டயரும் எரிபொருளும்

டயரின் பக்கச் சுவரில் உள்ள எழுத்துக்களின் முடிவில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பூ தேயாத டயரும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனாலும் ஓஸோனாலும் உள்ளே இறுகிப் போயிருக்கலாம். ஆண்டுகளைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். ஸ்டெப்னியின் இலக்கத்தையும் மறவாமல் படிக்க வேண்டும். பெரும்பாலும் வண்டியில் மிகவும் வயதானது அதுவே. லாரி வாங்கிய நாள் முதல் அடியில் தொங்கிக் கொண்டிருப்பது. அதைத் தாங்கும் சங்கிலியும் துருப்பிடித்து இறுகியிருக்கும். ஒரு முறை இறக்கி, ஏற்றி, கிரீஸ் இட்டு வைத்தால் மழையில் மண்டியிட்டுச் சுத்தியலால் அடிக்க நேராது.

காற்றழுத்தத்தைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே அளக்கவேண்டும். 25 டிகிரியில் 5.5 கிலோ காட்டும் டயர், ஓடி 60 டிகிரியான பிறகு 6.2 கிலோவுக்கு மேல் காட்டும். அதைக் கண்டு காற்றைத் திறந்துவிட்டால் மறுநாள் காலை டயர் தளர்ந்திருக்கும். தளர்ந்த டயர் அதிகம் நெளியும். நெளிவதால் மேலும் சூடேறும். உயரத்தால் மானி காட்டும் ஏற்றம் அரை கிலோ அளவே. குளிர் அதில் ஒரு பகுதியைச் சரிக்கட்டிவிடும்.

எரிபொருள் தொட்டியின் அடியைப் பற்றி நினைப்பவர் அரியர். ஆண்டுக்கணக்கில் பாதி நிறைந்தே இருந்த தொட்டியில் ஈரம் படிந்து நீராகி, அதனோடு துருவும் சேறும் சேர்ந்திருக்கும். நகரச் சாலையில் அது அசையாமல் அடியில் கிடக்கும். 21 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட காட்டா லூப்ஸ் போன்ற பாதையில் அது முழுதும் கலங்கி ஃபில்டரை அடைத்துவிடும். தொட்டியைக் கழற்றி அலசி, ஃபில்டரை மாற்றி, உபரியாக இரண்டு ஃபில்டரும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபில்டர் மாற்றிய பின் கைப்பம்பினால் காற்றை வெளியேற்றும் முறையை ஓட்டுநரன்றி இன்னொருவரும் கற்றிருத்தல் அவசியம். இவ்வழியில் தாண்டி என்னும் இடத்துப் பெட்ரோல் நிலையத்தில், அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எச்சரித்து நெடுங்காலம் நின்ற பலகை பிரயாணிகளிடையே பிரசித்தம். குளிர்காலத்தில் சாதாரண டீஸல் மெழுகுபோல் இறுகும். அதற்கென 33 டிகிரிக் கடுங்குளிரிலும் ஓடக்கூடிய டீஸலை 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் லடாக்கில் அறிமுகம் செய்தது. கோடையில் செல்வோருக்கு அக்கவலை இல்லை.

கணவாய்களில் கருப்புப் புகை வருவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 5,300 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் நூற்றுக்கு அறுபதிற்கும் குறைவு. டர்போ இல்லாத எஞ்சினில் எரிபொருள் எரிவதற்குக் காற்று போதாமையே புகைக்குக் காரணம். காற்று ஃபில்டர் சுத்தமாக இருக்கட்டும். சுமை, வழக்கமாக ஏற்றுவதில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாதிருக்கட்டும்.

பட்டை ஸ்பிரிங்குகள், அவற்றைப் பிணைக்கும் யூ போல்ட்டுகள், பாட்டரி முனைகள், விளக்குகள், துடைப்பான்கள் ஆகியவை எல்லோரும் அறிந்தவை. விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வெள்ளோட்டம்

இவை யாவும் முடிந்த பின்னரும் லாரி ஆயத்தமாகிவிடவில்லை. புதிதாகப் போட்ட ஒவ்வொரு உறுப்பும், பழைய உறுப்பைப் போலவே சந்தேகத்திற்குரியது. பழையது எப்போது கெடும் என்பது தெரியாது. புதியது சரியாகப் பொருத்தப்பட்டதா என்பது தெரியாது. ஆகவே புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்னரே வேலைகளை முடித்து, முழுச் சுமையுடன் ஒரு வெள்ளோட்டம் விடவேண்டும். சண்டிகரில் இருப்போருக்கு ஸோலன் ஏற்ற இடம்; அறுபது எழுபது கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தை எட்டலாம். மற்ற ஊரார் தத்தமக்கு அணித்தான மலைப்பாதை ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். மலை இல்லாத ஊரில், சுமையுடன் மூன்று மணி நேர ஓட்டமாவது வேண்டும். கருவிகளை ஏற்றவேண்டாம், மணல் மூட்டைகள் போதும்.

ஐம்பது கிலோமீட்டர் ஆனதும் நிறுத்தி, சக்கர நட்டுகளை மீண்டும் முடுக்கி, பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். இறங்கி முடிந்ததும் நான்கு சக்கரக் குடங்களின் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடவேண்டும். உள்ளங்கையால் தொட்டால் கொப்புளம் கண்டு மறுநாள் வேலைக்கு உதவாது. முன்சக்கரங்கள் இரண்டும் தம்முள்ளும், பின்சக்கரங்கள் இரண்டும் தம்முள்ளும் ஏறக்குறைய ஒத்திருக்கும். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால், அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. இரவில் வண்டியின் அடியில் அட்டைகளைப் பரப்பிவைத்து, காலையில் எந்த இடத்தில் எந்த நிறக் கறை என்று பார்க்க வேண்டும். சக்கரத்தின் உட்பக்கத்தில் ஈரம் காணப்பட்டால் மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வழியில் கொண்டுசெல்லும் பெல்ட்டையும் ஹோஸ்களையும் ஒரு முறை மாட்டி ஓட்டிப் பார்த்து, பிறகு கழற்றிப் பெட்டியில் வைப்பதே முறை. ஜாக்கியை அதே லாரியின் சுமையுடன் தூக்கிப் பார்க்க வேண்டும். மண்ணில் ஜாக்கி புதையாதிருக்க ஒரு கனத்த பலகை, இரண்டு அடைக்கட்டைகள், 20 லிட்டர் நீர், முத்திரையிட்ட பிரேக் திரவம், இழுவைக் கயிறு, கைவிளக்கு ஆகியவை பெட்டிக்கு மேலே, சுமைக்கு அடியில் அன்று, இருத்தல் வேண்டும்.

ஓட்டுநரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஓட்டுநர் தங்லங் லாவில் களைத்திருந்ததற்கு உயரமே காரணம்; முந்திய இரவு 4,000 மீட்டருக்கு மேல் உறக்கமின்றிக் கழித்திருந்தார். ரோதங் கணவாய்க்கு அடியில் 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட பின் இப்பிரயாணம் விரைவாகிவிட்டது. அவ்விரைவினால் உடல் உயரத்திற்குப் பழகும் அவகாசம் குறைந்துவிட்டது. மணாலியிலும் லாஹௌல் பள்ளத்தாக்கிலும் தங்கிச் செல்வதற்குரிய நாட்களைப் பயணப்படியில் சேர்க்கக் கணக்குப் பிரிவினர் தயங்குவர். குழுத்தலைவர் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும்.

லேயில் எங்கள் லாரியின் திரவம் மாற்றப்பட்டது. வடிந்தது தேயிலைக் கஷாயம் போல் கருத்திருந்தது. யூ போல்ட்டுகளில் மூன்று தளர்ந்திருந்தன. காற்று ஃபில்டரிலிருந்து மோரே சமவெளியின் புழுதி ஒரு கைப்பிடி உதிர்ந்தது. பின்பக்க இரட்டைச் சக்கரங்களின் இடையே சிக்கியிருந்த கல் ஒன்றைக் கிளீனர் நெம்பி எடுத்தார். திரும்பும் பயணத்திற்கு முன் சுமையுடன் ஊருக்கு வெளியே ஒரு முறை ஓட்டிப் பார்த்தோம். இடது பின்குடம் மற்றதைவிடச் சுட்டது. பிரேக்கைச் சற்றுத் தளர்த்தி, மறுநாளும் ஓட்டிப் பார்த்து, அதற்கடுத்த நாள் காலை புறப்பட்டோம்.